பென் ஜான்சன்: டூப்பாக வந்து நாயகனான குதிரைக்காரர்

கௌபாய் படத்தில் டூப்பைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நாயகன் குதிரையை நோக்கி நடப்பார். கட். தூரத்தில் ஒருவர் குதிரை மேல் பாய்ந்து ஏறிப் பறப்பார்; தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும், முகம் கேமராவுக்கு எதிர்ப்பக்கம். மறுபடி கட். இப்போது நாயகனின் குளோசப். ஸ்டூடியோவுக்குள் ஒரு பொம்மைச் சேணத்தில் உட்கார்ந்து அவர் மேலும் கீழும் ஆட, பின்னால் திரையில் மலை ஓடும். 1940களிலும் 50களிலும் வந்த பெரும்பாலான வெஸ்டர்ன்களில் சவாரிக் காட்சி இப்படி மூன்று துண்டாகத்தான் வரும்.

பென் ஜான்சன் நடித்த படங்களில் இந்த ஒட்டு வேலை இல்லை. நடந்து வருபவரும் ஏறுபவரும் பாய்பவரும் அவரேதான். ஜான் ஃபோர்டு மாதிரி ஒரு இயக்குநருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை வைத்துத்தான் அவருடைய திரை வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியும். 'இயல்பான நடிப்பு', 'மண்ணின் மைந்தன்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் அவரைத் தேடி வேலை வந்ததற்குக் காரணம், கேமராவை வெட்டாமல் ஓடவிடலாம் என்பது.

1918 ஜூன் 13ஆம் தேதி, ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் பகுதியிலுள்ள ஃபோரேக்கர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பெயரும் பென் ஜான்சன்தான்; பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றில் ஃபோர்மேன், ரோடியோ எனப்படும் கௌபாய் வித்தைப் போட்டி மைதானங்களில் கயிறு வீசுவதில் பெயர் எடுத்தவர். மகனும் அதே பண்ணை வேலையில் வளர்ந்தார். 1940இல் தயாரிப்பாளர் ஹோவர்டு ஹ்யூஸ் 'தி அவுட்லா' படத்துக்காக அந்தப் பக்கத்தில் குதிரைகள் வாங்கினார். அவற்றை அரிசோனா படப்பிடிப்பு இடத்துக்கும் பிறகு ஹாலிவுட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பென். பண்ணையில் நாளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஹாலிவுட்டின் முதல் காசோலை 300 டாலர். அதன்பிறகு தடியால் அடித்து விரட்டியிருந்தாலும் ஊர் திரும்பியிருக்க மாட்டேன் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வந்த நேரமும் முக்கியம். அதுவரை குதிரை விழும் காட்சிகளுக்கு 'ரன்னிங் டபிள்யூ' என்ற கொடூரமான முறை புழக்கத்தில் இருந்தது. குதிரையின் முன்கால்களில் பட்டை கட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பியை வயிற்று வாரில் உள்ள வளையம் வழியாக எடுத்து, மறுமுனையை மண்ணில் புதைத்த கனமான கட்டையில் கட்டிவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பி நீளம் தீர்ந்ததும் முன்கால்கள் இரண்டும் அடியிலிருந்து பிடுங்கப்பட்டு, தலைகுப்புற விழும். திரையில் பிரமாதமாக இருக்கும். குதிரைக்குக் கால் உடையும், கழுத்து உடையும். பிழைத்தாலும் பல குதிரைகள் பிறகு ஓடவே பயப்படும். 1939இல் வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படப்பிடிப்பில் உயரமான விளிம்பிலிருந்து தண்ணீரில் தள்ளப்பட்ட குதிரை இறந்தது பெரிய கூச்சலைக் கிளப்ப, 1940 முதல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நலச் சங்கம் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது.

கம்பியை எடுத்துவிட்டால், வேலை முழுக்கக் குதிரை தெரிந்தவன் கையில் வந்து விழுகிறது. விழப் பழக்கப்பட்ட குதிரைகள் தேவைப்பட்டன. சவாரி செய்பவர் குதிரையின் தலையை ஒரு பக்கம் சட்டென்று இழுத்து, தன் எடையை மறுபக்கம் சாய்ப்பார். அதுதான் குறிப்பு, குதிரை தோள் பக்கமாகச் சரியும். விழும் இடத்தை முன்கூட்டியே தோண்டி, கல் பொறுக்கி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, மேலே சுற்றியுள்ள நிலம் மாதிரியே தூவி மறைப்பார்கள். மிருதுவான இடத்துக்கு நாலடி முன்னால் குறிப்புக் கொடுத்துவிட்டால் கெட்டித் தரையில் விழவேண்டியதுதான். காலைச் சேணத்தில் வைக்கும் அங்கவடியிலும் ஒரு மாற்றம் உண்டு: முழு வளையமாக இல்லாமல் ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய வளையத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டால் குதிரை எழுந்து ஓடும்போது ஆளும் கூடவே இழுபடுவார். ஜான் வெய்னுக்கு டூப் போட்ட சக் ராபர்சன் வைத்திருந்த 'கோக்கெய்ன்' என்ற குதிரை, விழப் பழக்கிய குதிரைகளில் பேர்போனது.

பென் இந்த உலகத்துக்குள் நேராகப் போய் நுழைந்தார். 1941இல் கேரல் ஜோன்ஸைத் திருமணம் செய்தார். மாமனார் 'ஃபேட்' ஜோன்ஸ், ஹாலிவுட் படங்களுக்குக் குதிரை, வண்டி, சேணம் எல்லாம் வாடகைக்கு விடும் லாயத்தின் சொந்தக்காரர். எந்தக் குதிரை துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளும், எது கேமரா வண்டியை ஒட்டி ஓடும், எது தண்ணீரைக் கண்டால் நிற்கும் என்ற விவரமெல்லாம் அந்த லாயத்தில் கிடைக்கும். ஜான் வெய்ன், கேரி கூப்பர், ஜோயல் மெக்ரே, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று பலருக்கும் டூப்பாக, குதிரை மேய்ப்பவராக ஏழெட்டு வருடம் ஓடியது. திரையில் பெயர் வராத வருடங்கள்.

ஃபோர்டின் 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) படத்தில் ஹென்றி ஃபோண்டாவுக்கு டூப். படப்பிடிப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருந்த வண்டியின் குதிரைகள் மிரண்டு தறிகெட்டு ஓடின. பென் குதிரையில் விரட்டிப்போய் வண்டியை நிறுத்தினார். இது படிப்பதற்கு சினிமாக் காட்சி மாதிரி இருக்கிறது. செய்வதற்கு அப்படி இல்லை. மிரண்ட வண்டியை எதிரிலிருந்து மறிக்கக் கூடாது, மிதித்துக்கொண்டு போய்விடும். பின்னாலிருந்து வந்து, முன்வரிசைக் குதிரையின் தோளுக்கு இணையாக ஓடி, அதன் வேகத்துக்குத் தன் குதிரையின் வேகத்தைச் சமன் செய்த பிறகுதான் கடிவாளத்தில் கை வைக்க வேண்டும். வைத்ததும் வெடுக்கென்று இழுத்தால் முன்குதிரை திரும்பும், பின்னால் வரும் வண்டி திரும்பாது. நடுக்கட்டை மடங்கி வண்டி கவிழ்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய வட்டமாக வளைத்து வேகத்தைக் குறைப்பதுதான் வழி. இதை யோசித்துச் செய்ய நேரம் கிடையாது.

ஃபோர்டு பாராட்டை உடனே கொட்டுகிற ஆள் இல்லை. இதற்குப் பலன் கிடைக்கும் என்று மட்டும் சொன்னார். சில நாட்கள் கழித்து ஓர் உறை வந்தது: ஏழு வருட நடிப்பு ஒப்பந்தம். வாரம் 5,000 டாலர் என்ற வரி வரைக்கும் படித்துவிட்டு, மீதியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாக பென் சொல்வார்.

'3 காட்ஃபாதர்ஸ்' படத்தில் சின்ன வேடம். 'மைட்டி ஜோ யங்' (1949) படத்தில் ராட்சதக் கொரில்லாவோடு நாயகன் வேடம். அதில் கௌபாய்கள் கொரில்லாவுக்குக் கயிறு வீசும் காட்சி இருக்கிறது. குதிரையும் கயிறும் நிஜம், கொரில்லா வில்லிஸ் ஓ'பிரையனும் ரே ஹாரிஹவுசனும் ஃப்ரேம் ஃப்ரேமாக அசைத்த பொம்மை. இல்லாத மிருகத்தைப் பார்த்துக் கயிறு வீசும்போது மற்ற நடிகர்களின் கண் அலையும். பென்னின் கண் அலையாது, ஏனென்றால் அவர் பார்ப்பது கயிறு போய் விழ வேண்டிய இடத்தை.

அடுத்தது 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்' (1949). சார்ஜென்ட் டைரீயாக வருகிறார். முன்பு அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியப் படையில் கேப்டனாக இருந்து, இப்போது அமெரிக்கக் குதிரைப்படையில் வேவு பார்ப்பவர். எதைக் கேட்டாலும் அது என் இலாகா இல்லை என்று மழுப்பிவிட்டு, சரியான பதிலையும் சொல்லிவிடுவார். இந்தப் படத்தில் அவர் ஏறியிருக்கும் செம்பழுப்புக் குதிரையின் பெயர் ஸ்டீல். மாமனார் லாயத்துக் குதிரை. எதிரிகள் துரத்த, தனியாளாகச் சமவெளியில் பறந்து வந்து, ஒரு பிளவைத் தாண்டும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடிவாளம் இடது கையில் மட்டும். வலது கை தொங்கவும் இல்லை, ஆடவும் இல்லை. முழுப் பாய்ச்சலில் குதிரையின் முதுகு ஏறி இறங்குகிறது. அவருடைய தொப்பி விளிம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகிறது. அதிர்ச்சியை இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொள்கின்றன. தாண்டுவதற்கு முன் கையை லேசாக முன்னால் கொடுத்துக் கடிவாளத்தைத் தளர்த்துகிறார். அங்கே பயந்து இழுத்துப் பிடிப்பவர்கள்தான் அதிகம். இழுத்தால் குதிரைக்குக் கழுத்தை நீட்ட முடியாது, பின்கால் விளிம்பில் இடிக்கும்.

அந்த இடத்தின் சிரமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த மான்யுமென்ட் வேலி கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. குதிரைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். மூன்று ஃபிலிம் சுருள் ஒன்றாக ஓடும் டெக்னிக்கலர் கேமரா, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சாமான் இல்லை. பாயும் குதிரை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும், கேமரா வண்டியும் அதற்கு இணையாகக் குலுங்காமல் ஓட வேண்டும். அதற்கு முன் குதிரைக்காரர்கள் ஓடுபாதை முழுக்க நடந்து பார்த்து, எலி வளைகளையும் பள்ளங்களையும் மண்வெட்டியால் மூடுவார்கள். ஒரு வளையில் குளம்பு இறங்கினால் குதிரையும் போயிற்று, ஆளும் போனார். இத்தனையையும் ஏற்பாடு செய்துவிட்டு, நாயகனுக்கு ஒரு தடவை டூப்புக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை ஓட்டுவதைவிட, முகம் தெரிய ஒரே ஓட்டத்தில் முடிப்பது எவ்வளவு லாபம் என்று எந்தத் தயாரிப்பாளருக்கும் தெரியும். இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக விண்டன் ஹோக் ஆஸ்கர் வாங்கினார்.

'வேகன் மாஸ்டர்' (1950) பென்னை முழு நாயகனாக வைத்து ஃபோர்டு எடுத்த படம். யூட்டாவின் மோவாப் பக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய வசூலும் இல்லை. என் கணக்கில் பென்னின் மிகச் சிறந்த படம் இதுதான், ஆஸ்கர் வாங்கித் தந்த படத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே வருடம் 'ரியோ கிராண்டே'. இதில் ரோமன் சவாரி வருகிறது: இரண்டு குதிரைகளின் முதுகில் ஒவ்வொரு காலை வைத்து நின்றபடி பாய்ந்து, தடுப்பைத் தாண்ட வேண்டும். பென், ஹாரி கேரி ஜூனியர், அப்போது 15 வயதான கிளாட் ஜார்மன் ஜூனியர் மூவரும் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தார்கள். இதில் முதல் வேலை ஜோடி பொருத்தம். உயரமும் தாவும் நீளமும் ஒத்துப்போகாத இரண்டு குதிரைகள் கிடைத்தால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. ஒரு குதிரை அரை அடி முந்தினால் நிற்பவரின் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். இரண்டும் விலகினால் நடுவில் விழ வேண்டியதுதான். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும், எடை குதிரையின் தோளுக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். தாண்டும்போது இரண்டு குதிரையும் ஒரே நொடியில் எழ வேண்டும். திரையில் ஒரு நிமிடம்கூட இல்லாத காட்சி, ஆனால் முகங்கள் தெரிகின்றன.

அந்தப் படப்பிடிப்பில்தான் ஃபோர்டோடு முட்டிக்கொண்டது. ஹாரி கேரி ஜூனியர் பின்னாளில் எழுதிய விவரம் இது. இரவுச் சாப்பாட்டில் பென் பக்கத்திலிருந்தவரிடம், இன்று ஏகப்பட்ட துப்பாக்கி வெடித்தது, விழுந்த ஆட்கள்தான் குறைவு என்று சாதாரணமாகச் சொன்னார். ஃபோர்டு காதில் விழுந்தது. என்ன சொன்னாய் என்று அதட்டினார். உங்களிடம் பேசவில்லை என்றார் பென். ஃபோர்டு எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று திட்டினார். பென் எழுந்து நேராக அவரிடம் போய், இந்தப் படத்தை என்ன செய்யலாம் என்று காதோடு சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார். பிறகு சமாதானமாகிப் படத்தை முடித்தார்கள். ஆனால் 1964இல் வந்த 'ஷயான் ஆட்டம்' வரை ஃபோர்டு படத்தில் பென்னுக்கு வேடம் இல்லை. ஃபோர்டு மறக்கிற ஆள் இல்லை. மற்ற நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கிய திட்டை பென் வாங்க மறுத்தார், நாயகன் வாய்ப்பும் அதோடு போயிற்று. இது எனக்கு நஷ்டமாகவே படுகிறது, இரண்டு பேருக்கும்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' 1951இல் எடுக்கப்பட்டு 1953இல் வெளிவந்தது. மதுக்கடையில் ஆலன் லாட் மேல் விஸ்கியை ஊற்றி வம்புக்கு இழுத்து, பிறகு அடி வாங்கும் கிறிஸ் காலோவே பென்தான். கடைசியில் மனம் மாறி எச்சரிக்கை சொல்ல வருவதும் அதே ஆள்தான். அந்த மாற்றத்துக்கு வசனம் அதிகம் இல்லை.

படம் வெளிவந்த 1953இல் அவர் ஹாலிவுட்டில் வேலை தேடவில்லை. ஒரு வருடம் முழுக்க ரோடியோவுக்குப் போனார். டீம் ரோப்பிங்கில் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனார். இது இரண்டு பேர் ஆட்டம். முதல் ஆள் காளையின் கொம்பில் சுருக்குக் கயிற்றை வீசி, கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றி, காளையை இடப்பக்கம் திருப்புவார். இரண்டாவது ஆள் பின்னால் வந்து, காளையின் இரண்டு பின்கால்களும் சுருக்குக்குள் வரும்படி வீசுவார். இரண்டு குதிரையும் எதிரெதிராக நின்று கயிறு விறைத்ததும் கடிகாரம் நிற்கும். இன்றைய விதிப்படி ஒரு கால் மட்டும் மாட்டினால் 5 வினாடி அபராதம், காளைக்குக் கொடுக்க வேண்டிய இடைவெளியைக் கொடுக்காமல் முந்திப் பாய்ந்தால் 10 வினாடி. முன்கொம்பில் கயிறு சுற்றும்போது கட்டை விரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். காளையின் எடை கயிற்றில் ஏறும் நொடியில் விரல் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் இருந்தால் விரல் போய்விடும். கயிறு வீசுபவர்களில் கட்டை விரல் இல்லாதவர்களைப் பார்க்க நேர்வது இதனால்தான்.

சாம்பியன் ஆகியும் கையில் காசில்லை. ரோடியோவில் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் நுழைவுக் கட்டணத்தை நம் கையிலிருந்து கட்ட வேண்டும். குதிரைத் தீவனம், டிரெய்லர், பெட்ரோல், தங்கல் எல்லாம் சொந்தச் செலவு. ஜெயித்தால் பரிசு, அதிலும் பாதி கூட்டாளிக்கு. வருடக் கடைசியில் மிஞ்சியது ஓட்டை காரும் கோபத்தில் இருந்த மனைவியும்தான், மூன்று டாலர்கூட இல்லை என்பார். மறுபடி நடிக்க வந்தார்.

வந்தபோது நாயகன் இடம் காலியாக இல்லை. அடுத்த பதினைந்து வருடமும் பெரும்பாலும் துணை வேடங்களும் தொலைக்காட்சித் தொடர்களும்தான். இதை வேகமாகவே தாண்டலாம், மார்லன் பிராண்டோ இயக்கிய 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' (1961) தவிர. அதில் பாப் ஏமரி என்ற வக்கிரமான ஆள். நல்லவனாக மட்டுமே பார்த்த முகத்தை வில்லனாகப் பார்ப்பது உறைக்கிறது, ஏனென்றால் அவர் குரலை மாற்றவே இல்லை. அதே நிதானமான ஓக்லஹோமா இழுவையில் அசிங்கமான வார்த்தைகளைப் பேசுகிறார். சாம் பெக்கின்பா இதைக் கவனித்திருக்க வேண்டும். 'மேஜர் டண்டீ' (1965), பிறகு 'தி வைல்டு பஞ்ச்' (1969). இரண்டாவது படத்தில் வாரன் ஓட்ஸோடு கோர்ச் சகோதரர்களில் ஒருவர். கடைசியில் நான்கு பேர் துப்பாக்கியோடு நடந்து போகும் அந்த நீண்ட நடையில் பென்னும் இருக்கிறார்.

'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' (1971) கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பீட்டர் போக்டனோவிச் கேட்டபோது வசனம் அதிகம், கெட்ட வார்த்தை அதிகம் என்று மறுத்தார். போக்டனோவிச் ஃபோர்டிடம் போய் முறையிட, ஃபோர்டு தொலைபேசியில் பென்னைப் பிடித்து, ஆயுளுக்கும் ஜான் வெய்னுக்குப் பக்கவாத்தியமாகவே இருக்கப் போகிறாயா என்று உசுப்பினார். தன் வசனத்திலிருந்து கெட்ட வார்த்தைகளை எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். சாம் தி லயன் என்ற அந்த வேடம் திரையில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. குளக்கரையில் உட்கார்ந்து பழைய காதலைச் சொல்லும் நீண்ட பேச்சில் குதிரை இல்லை, கயிறு இல்லை. ஆனால் அதே உடல்தான். கையை ஆட்டுவதில்லை, தலையை ஆட்டுவதில்லை, முகத்தை எதற்கும் சுளிப்பதில்லை. சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. அதே படத்துக்காக ஜெஃப் பிரிட்ஜஸும் அதே பிரிவில் போட்டியில் இருந்தார். இதைவிட நல்ல ஆளுக்குக் கிடைத்திருக்க முடியாது என்று தன்னைப் பற்றித் தானே மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்தார். ரோடியோ உலகச் சாம்பியன் பட்டமும் ஆஸ்கரும் இரண்டையும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு 25 வருடம் வேலைக்குக் குறைவில்லை. 'ஜூனியர் பானர்', 'தி கெட்டவே' (இரண்டும் 1972), 'டில்லிஞ்சர்' (1973), ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'தி சுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்' (1974), 'பைட் தி புல்லட்' (1975). கடைசிப் படம் 'தி ஈவினிங் ஸ்டார்', 1996. அந்த வருடம் ஏப்ரல் 8 அன்று அரிசோனாவில் மாரடைப்பில் இறந்தார். சொந்த மாநிலமான ஓக்லஹோமாவின் பஹஸ்கா என்ற ஊரில் அடக்கம். அங்கே இப்போது அவர் பெயரில் கௌபாய் அருங்காட்சியகம் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் 'வேகன் மாஸ்டர்' படத்தில் ஆரம்பியுங்கள், 86 நிமிடம்தான். அடுத்து 'யெல்லோ ரிப்பன்'. இதை மங்கிப்போன பழைய பிரதியில் பார்க்காதீர்கள், நிறம் போனால் பாதிப் படம் போயிற்று. மூன்றாவது 'ஒன்-ஐட் ஜாக்ஸ்', நான்காவது 'லாஸ்ட் பிக்சர் ஷோ'. 'ரியோ கிராண்டே'வில் பாட்டுகள் கொஞ்சம் அதிகம், ரோமன் சவாரிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'மைட்டி ஜோ யங்' போடுங்கள். 1998இல் வந்த மறு ஆக்கம் இல்லை, 1949 படம்.